மொடம் கோல் எடுக்க மறுத்தால்: டயல்-அப் பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

கடையில் இருக்கும் பழைய காட் மெஷின், பாதுகாப்பு அலாரப் பெட்டி, பெக்ஸ், வெளியில் இருந்து பராமரிக்கப்படும் பீஏபீஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்), பழைய கணக்கு மென்பொருள் ஓடும் கணினி என்று தொலைபேசி லைனில் டயல் செய்து தரவு அனுப்பும் சாதனங்கள் கொழும்பில் இன்னும் பாவனையில் இருக்கின்றன. இவற்றில் ஒன்று திடீரென்று இணைய மறுத்தால் பலரும் உடனே மொடத்தை மாற்றுவார்கள், அல்லது டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள். இரண்டுமே கடைசியாகச் செய்ய வேண்டியவை.

மொடத்தின் கோல் ஒவ்வொன்றும் ஒரே வரிசையில்தான் நடக்கும். மொடம் லைனைத் தூக்கும், டயல் டோனுக்குக் காது கொடுக்கும், இலக்கத்தை அடிக்கும், மறுமுனை எடுக்கும்வரை காத்திருக்கும், பிறகு இரண்டு மொடங்களும் சத்தம் போட்டு ஒரு வேகத்துக்கு உடன்படும். இதில் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் கேளுங்கள். மொடத்தின் சிறிய ஸ்பீக்கரை விட நல்ல சோதனைக் கருவி இந்த வேலைக்குக் கிடையாது.

கையில் இருக்க வேண்டியவை

லைன் மின்சாரத்திலேயே வேலை செய்யும் சாதாரண வயர் போன் ஒன்று வேண்டும். கோட்லெஸ் போன் உதவாது, ஏனென்றால் அதன் சத்தம் அடிப்பெட்டியில் ஒருமுறை மாற்றப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த 2 மீற்றர் ஆர்ஜே11 வயர் ஒன்றும், சாதாரண டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்றும் போதும். இவை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளில் கிடைக்கும். மொடத்துக்கான யூஎஸ்பீ-சீரியல் வயர் மாதிரிச் சாமான்களுக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் பாருங்கள்.

கணினியில் ஒரு டெர்மினல் மென்பொருள் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பீ வரை ஹைப்பர்டெர்மினல் கூடவே வந்தது. விஸ்டாவில் இருந்து அது இல்லை. புட்டி இலவசம், அதில் சீரியல் இணைப்பைத் தெரிவுசெய்யுங்கள். மொடம் எந்த கொம் போர்ட்டில் இருக்கிறது என்பதை டிவைஸ் மனேஜரில் பார்க்கலாம். 56 கிலோபிட் மொடத்துக்கு வேகம் 115200, 8 பிட், பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட்.

மொடக் கட்டளைகளை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டரைத் தட்ட வேண்டும். இங்கே அவற்றை எழுத்துகளின் உச்சரிப்பில் தருகிறோம்: "ரீ" என்றால் ரெலிபோனின் முதல் எழுத்து, "டீ" என்றால் டயலின் முதல் எழுத்து. எல்லாக் கட்டளைகளும் "ஏரீ" என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும்.

மொடம் கணினியோடு பேசுகிறதா?

"ஏரீ" என்று மட்டும் அடியுங்கள். "ஓகே" வந்தால் கணினி, போர்ட், வயர், மொடத்தின் மூளை எல்லாம் சரி. டிரைவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அரை நாளை டிரைவரில் செலவழிப்பவர்கள் ஏராளம்.

எதுவுமே வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கொம் போர்ட் இலக்கத்தை. யூஎஸ்பீ மொடத்தையோ யூஎஸ்பீ-சீரியல் வயரையோ வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதற்குப் புதிய போர்ட் இலக்கம் கொடுத்துவிடும். மென்பொருளோ பழைய இலக்கத்தையே தேடிக்கொண்டிருக்கும். பழைய மென்பொருள்கள் சில கொம்4-க்கு மேல் பார்ப்பதே இல்லை. டிவைஸ் மனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய்ச் சிறிய இலக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்தது, இன்னொரு மென்பொருள் போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது. பெக்ஸ் வாங்கும் மென்பொருள் பின்னணியில் ஓடினால் விண்டோஸ் 633 என்ற எண்ணைக் காட்டும். வெளி மொடமாக இருந்தால் சீரியல் வயரையும் பாருங்கள். நேர் வயர்தான் வேண்டும். இரண்டு கணினிகளை இணைக்கும் நல்-மொடம் வயரில் "ஓகே" வராது.

"ஓகே" வந்த பிறகு "ஏரீ &எஃப்" அடித்துத் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவாருங்கள். யாரோ எப்போதோ மாற்றிவிட்டுப் போன அமைப்புகள் இதோடு போய்விடும். பிறகு "ஏரீ எம்1 எல்3". இது ஸ்பீக்கரை உரத்த சத்தத்தில் திறந்து, இணைப்புக் கிடைக்கும்வரை ஒலிக்க வைக்கும். இனி "ஏரீ டீரீ" என்று அடித்து அதோடு இலக்கத்தைச் சேர்த்து என்டரைத் தட்டி, கேளுங்கள்.

நோ டயல்டோன்

விண்டோஸில் 680 என்று வருவதும் இதுதான். மொடம் லைனைத் தூக்கியது, சில செக்கன் காத்திருந்தது, தனக்குத் தெரிந்த டோன் கேட்கவில்லை என்று வைத்துவிட்டது. காரணம் இரண்டில் ஒன்று: டோன் உண்மையிலேயே இல்லை, அல்லது டோன் இருந்தும் மொடத்துக்கு அதை அடையாளம் தெரியவில்லை. ஸ்பீக்கரில் உங்கள் காதுக்கே டோன் கேட்கிறதா என்பதுதான் இரண்டையும் பிரிக்கும்.

கேட்கவில்லை என்றால், மொடத்தில் இருந்து வயரைக் கழற்றி அதே வயரின் நுனியில் போனைக் கொழுவுங்கள். போனில் டோன் வந்தால் வயரும் சுவர்ப் பெட்டியும் சரி. மொடத்தின் பின்னால் இருக்கும் இரண்டு துளைகளைப் பாருங்கள். ஒன்றில் "லைன்" என்றும் மற்றதில் "போன்" என்றும் இருக்கும், அல்லது சுவர்ச் சொக்கெட், போன் படங்கள் இருக்கும். சுவரில் இருந்து வரும் வயர் "லைன்" துளையில்தான் போக வேண்டும். மாறிக் கொழுவுவது மிகச் சாதாரணமாக நடப்பது; மேசையைத் துடைக்கக் கழற்றிய ஒருவர் திரும்பக் கொழுவும்போது நடந்துவிடும்.

போனிலும் டோன் இல்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு சுவர்ப் பெட்டியைத் திறங்கள். ஆர்ஜே11 சொக்கெட்டுக்குள் நடுவில் இருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள்தான் லைன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் வீடுகளில் இந்தக் கம்பிகளும், உள்ளே வயரைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் உப்புக் காற்றில் பச்சை பிடித்துப்போகும். அந்தப் பச்சைப் படலம் போன் பேசுவதற்கு இடம் கொடுக்கும், மொடத்துக்குக் கொடுக்காது. வயர் நுனியை வெட்டிப் புதிதாக 1 சென்ரிமீற்றர் உரித்து இறுக்குங்கள். சொக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வதை விட மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் மேற்பூச்சு போன கம்பி மறுபடியும் விரைவாகப் பச்சை பிடிக்கும்.

மல்டிமீற்றரை நேர் மின்னோட்ட வோல்ற்றில் வைத்து இரண்டு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் இன்னும் தெளிவாகும். செப்பு லைனில் எல்லாப் போன்களும் வைத்த நிலையில் ஏறக்குறைய 48 வோல்ற் இருக்க வேண்டும். ஒரு போனைத் தூக்கினால் அது 5 முதல் 12 வோல்ற்றுக்குள் இறங்கும். எல்லாம் வைத்திருக்கும்போதே 8 அல்லது 10 வோல்ற் காட்டினால் வீட்டில் எங்கோ ஒரு கைபிடி சரியாக வைக்கப்படவில்லை, அல்லது ஒரு பழுதான சாதனம் லைனைத் தூக்கியபடி இருக்கிறது. மாடி அறையில் மறந்துபோன பழைய போன், பெக்ஸ், அலாரப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வோல்ற் ஏறும் கணத்தில் பிடித்துவிடலாம். 0 காட்டினால் லைன் அறுந்திருக்கிறது. மணி அடிக்கும்போது லைனில் 75 முதல் 90 வோல்ற் வரை மாறு மின்னோட்டம் வரும், ஆகவே வெறும் கம்பியைத் தொடாதீர்கள்; இடி மின்னல் நேரத்தில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இப்போது மற்றப் பக்கம்: டோன் தெளிவாகக் கேட்கிறது, இருந்தும் மொடம் "நோ டயல்டோன்" என்கிறது. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மொடங்கள் 350, 440 ஹேர்ட்ஸ் இரண்டும் கலந்த டோனை எதிர்பார்க்கும். மற்ற நாடுகளின் டோன் வேறு. பீஏபீஎக்ஸ் தானே உருவாக்கும் உள் டோன் அதிலும் வேறு. வொய்ஸ் மெயிலில் செய்தி கிடந்தால் சில லைன்களில் டோன் முதலில் விட்டுவிட்டு வரும், அதுவும் மொடத்தைக் குழப்பும்.

இதற்கு மருந்து "ஏரீ எக்ஸ்3". டோனுக்குக் காத்திராமல் டயல் செய், ஆனால் பிஸி சத்தத்தைக் கவனி என்று அர்த்தம். வழக்கமாக இருப்பது எக்ஸ்4, அது இரண்டையும் கவனிக்கும். எக்ஸ்1 வேண்டாம், பிஸியைக்கூடக் கண்டுகொள்ளாமல் ஒரு நிமிடம் வீணாக நிற்கும். எக்ஸ்3 போட்ட பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து டயல் செய்வது என்பதை எஸ்6 என்ற மொட அமைப்பு தீர்மானிக்கும். வழக்கம் 2 செக்கன்; டோன் மெதுவாக வரும் பீஏபீஎக்ஸுக்கு "ஏரீ எஸ்6=4" கொடுங்கள். விண்டோஸில் இதே வேலையைச் செய்ய, கன்ட்ரோல் பனலில் போன் அன்ட் மொடம் பகுதிக்குப் போய், மொடத்தின் இயல்புகளில் டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். "ஏரீ &டபிள்யூ" அடித்து மொடத்திலேயே சேமிக்கலாம்; ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு கோலுக்கும் முன் தன் கட்டளைகளை அனுப்பி அதை அழித்துவிடக்கூடும். அட்வான்ஸ்ட் பகுதியில் உள்ள மேலதிகக் கட்டளைப் பெட்டியில் எழுதுவதே நிலைக்கும்.

எக்ஸ்3 ஒரு தீர்வு என்பதால் எல்லாவற்றுக்கும் அதைப் போடாதீர்கள். டோன் உங்கள் காதுக்கே கேட்காதபோது எக்ஸ்3 போட்டால் மொடம் செத்த லைனில் டயல் செய்யும். பழுது மறைந்து "நோ கரியர்" (மறுமுனை மொடத்தின் ஒலி கிடைக்கவில்லை) என்ற வேறு வேடத்தில் வரும்.

இலக்கம் சரியாகப் போகிறதா?

அலுவலகத்தில் பீஏபீஎக்ஸ் இருந்தால் வெளி லைனுக்கு 9 அல்லது 0 அடிக்க வேண்டியிருக்கும். அந்த முன்னிலக்கத்துக்கும் வெளி டோன் வருவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. மொடம் அதைப் பொறுக்காமல் மிச்சத்தையும் அடித்துவிட்டால் முதல் ஒன்றிரண்டு இலக்கம் காற்றோடு போய்விடும், கோல் வேறு யாருக்கோ போகும். முன்னிலக்கத்துக்குப் பின் ஒரு கொமா போடுங்கள். கொமா ஒன்று 2 செக்கன் நிற்கும். எஸ்8-இல் அதை மாற்றலாம். "9,,011" என்று தொடங்கினால் 4 செக்கன். கொமாவுக்குப் பதில் "டபிள்யூ" போட்டால் இரண்டாவது டோனுக்குக் காத்திருக்கும், ஆனால் மேலே சொன்ன டோன் அடையாளப் பிரச்சினை அங்கேயும் வரும். கொமாதான் நம்பகமானது.

கொழும்பு லைனில் இருந்து கொழும்பு லைனுக்கு 7 இலக்கம் போதும்; ஆனால் 011 சேர்த்து 10 இலக்கமாகச் சேமித்து வைப்பதையே பரிந்துரைக்கிறோம், சாதனம் கம்பஹாவுக்கோ கண்டிக்கோ இடம்மாறினாலும் வேலை செய்யும். மிகப் பழைய அலாரப் பெட்டிகளின் நினைவகத்தில் 01 குறியீடும் 6 இலக்க எண்ணும் இன்னும் இருக்கும், அவற்றைக் கட்டாயம் திருத்த வேண்டும். விண்டோஸ் டயலிங் ரூல்ஸில் நாட்டுக் குறியீடு 94 இருந்து, இலக்கத்திலும் 0 சேர்த்து எழுதியிருந்தால் இரண்டும் கலந்து தவறான இலக்கம் போகும். அந்த விதிகளை நிறுத்திவிட்டு முழு இலக்கத்தையும் ஒரே பெட்டியில் எழுதுங்கள்.

ஸ்பீக்கரில் டிக்-டிக் என்று கேட்டால் மொடம் பல்ஸ் முறையில் டயல் செய்கிறது ("ஏரீ டீபீ"). செப்பு லைனில் அது ஓடினாலும் பைபர் பெட்டிகள் பலவற்றில் ஓடாது. டோன் முறைக்கு மாற்றுங்கள். டோன் முறையிலும் இலக்கங்கள் மிக வேகமாகப் போனால் பழைய பீஏபீஎக்ஸ் சிலவற்றைத் தவறவிடும். "ஏரீ எஸ்11=150" ஒவ்வொரு டோனையும் 150 மில்லிசெக்கன் வரை நீட்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பீஏபீஎக்ஸின் டிஜிட்டல் எக்ஸ்டென்ஷன் சொக்கெட்டும் பார்க்க ஆர்ஜே11 மாதிரியே இருக்கும். அதில் மொடத்தைக் கொழுவினால் டோன் வராது, மொடம் கருகவும் கூடும். திரையும் பல பொத்தான்களும் உள்ள மேசைப் போன் கொழுவியிருந்த சொக்கெட் என்றால் சந்தேகப்படுங்கள். பீஏபீஎக்ஸ் பராமரிப்பவரிடம் அனலொக் எக்ஸ்டென்ஷன் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதை விட நல்லது, பீஏபீஎக்ஸைத் தொடாமல் வரும் நேர் லைன்.

"பிஸி" (விண்டோஸில் 676), "நோ ஆன்சர்" இரண்டும் மொடப் பழுதல்ல. போனில் அதே இலக்கத்தைக் கையால் அடித்துப் பாருங்கள். மனிதர் எடுத்தால் இலக்கம் தவறு. மறுமுனை எடுத்து ஒரு நீண்ட கீச்சொலி கேட்டால் மறுமுனை மொடம் உயிரோடு இருக்கிறது, பிரச்சினை இனி வரும் பகுதியில்தான்.

நோ கரியர்

அதிகமாகக் குழப்புவதும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். விண்டோஸ் இதைப் பெரும்பாலும் 678 என்று காட்டும். மறுமுனை எடுத்தது அல்லது எடுக்கவில்லை, எப்படியும் மொடம் சம்மதம் கிடைக்காமல் வைத்துவிட்டது.

மறுமுனை எடுத்ததும் 2100 ஹேர்ட்ஸில் ஒரே கீச்சொலி கேட்கும். காதைக் கூர்மையாக்கினால் அது அரை செக்கனுக்கு ஒருமுறை போலச் சிறிதாகத் துள்ளுவது கேட்கும். ஒவ்வொரு 450 மில்லிசெக்கனுக்கும் ஒலியலை தலைகீழாகத் திரும்புகிறது. லைன் வழியில் இருக்கும் எதிரொலி நீக்கிகளை நிறுத்தச் சொல்லும் சைகை அது. அதற்குப் பிறகு உங்கள் மொடம் பதில் சத்தம் போடும், பின்பு இரண்டு பக்கமும் கரகரத்து, கடைசியில் சீரான இரைச்சலாகி ஸ்பீக்கர் அடங்கும்.

கீச்சொலியே வரவில்லை, மணி மட்டும் நீண்ட நேரம் போனது என்றால் மறுமுனை தாமதமாக எடுக்கிறது. எஸ்7 பெரும்பாலும் 50 அல்லது 60 செக்கன்; "ஏரீ எஸ்7=90" ஆக்குங்கள். வெளிநாட்டு இலக்கத்துக்கு இது முக்கியம். கீச்சொலி வருகிறது, உங்கள் மொடம் பதில் பேசவே இல்லை என்றால் லைனில் ஒலி மிகப் பலவீனமாக இருக்கலாம், மொடம் பழுதாகவும் இருக்கலாம். வேறு லைனில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கரகரத்து, மறுபடி மறுபடி தொடங்கி, கடைசியில் விழுந்தால் லைனில் இரைச்சல்.

இரைச்சலைக் கேட்பதற்கு எளிய வழி: போனைத் தூக்கி ஒரே ஒரு இலக்கத்தை அடியுங்கள். டயல் டோன் நின்று சில செக்கன் அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் ஹ்ம்ம் என்ற தாழ்ந்த ஒலி வந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் லைனில் ஏறுகிறது. போன் வயர் மின் வயரோடு ஒட்டி ஓடுகிறதா, நீளமான தட்டை வயர் பாவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தட்டை வயர் முறுக்கப்படாதது, 3 மீற்றருக்கு மேல் போட வேண்டாம். தூரம் போக வேண்டுமானால் நெட்வேர்க் வயரின் ஒரு முறுக்கிய சோடியைப் பாவியுங்கள். பொரிப்பது போன்ற படபட ஒலி பச்சை பிடித்த இணைப்பின் அடையாளம். மழையோடு சேர்ந்து அதிகரித்தால் வெளியே மூட்டு ஒன்றில் நீர் இறங்குகிறது.

அதே லைனில் ஏடீஎஸ்எல் இணையம் இருந்தால் மொடம், இணையத்தையும் போனையும் பிரிக்கும் பில்டரின் போன் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பில்டர் இல்லாமல் நேரே கொழுவினால் டயல்-அப்பும் கெடும், ஏடீஎஸ்எல்லும் விழும். லைனில் இடிதாங்கிப் பெட்டி ஏதாவது இருந்தால் சோதனைக்காக அதைத் தாண்டி நேரே கொழுவிப் பாருங்கள். ஒருமுறை மின்னல் அடி வாங்கிய இடிதாங்கி லைனை ஒழுக விட்டுக்கொண்டே இருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் வேகத்தைக் குறையுங்கள். 56 கிலோபிட் என்பது மறுமுனை டிஜிட்டல் லைனில் இருந்து, வழியில் அனலொக் மாற்றம் ஒரே ஒரு முறை நடந்தால் மட்டும் கிடைப்பது. பீஏபீஎக்ஸ் நடுவில் வந்தால் அது பெரும்பாலும் கிடைக்காது, மொடம் அதற்கு முயன்று முயன்று தோற்கும். "ஏரீ+எம்எஸ்=வீ34" அடித்தால் 33.6 கிலோபிட்டுக்கு மேல் முயலாது. அதுவும் நிற்காவிட்டால் "வீ32பீ", அதாவது 14.4 கிலோபிட். பழைய யூஎஸ் ரொபோட்டிக்ஸ் மொடங்களில் இதற்குப் பதில் "ஏரீ &என்6" (9600), "ஏரீ &என்3" (2400). அலாரம், காட் மெஷின் மாதிரிச் சிறிய தரவு அனுப்பும் சாதனத்துக்கு 1200 அல்லது 2400 தாராளமாகப் போதும். வேகம் குறைந்தால் இணையும் நேரமும் குறையும்.

பைபருக்கு மாறிய லைன்

"நேற்று வரை வேலை செய்தது" என்று சொல்லும் கொழும்பு வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அண்மையில் செப்பு லைனைக் கழற்றிப் பைபர் போட்டார்களா? பைபரில் உங்கள் போன் லைன், பைபர் பெட்டியின் "ரெல்" துளையில் இருந்து வருகிறது. அந்தப் பெட்டி குரலைத் துண்டு துண்டாக்கி இணையப் பொதிகளாக அனுப்புகிறது. மனிதக் குரலுக்கு ஒரு பொதி தொலைந்தால் காதே நிரப்பிக்கொள்ளும். மொடத்துக்கு 20 மில்லிசெக்கன் காணாமல் போவது என்றால் இரு பக்கமும் ஒத்திசைவை இழந்து மறுபடி பேசத் தொடங்குவது.

இங்கே செய்யக்கூடியவை உண்டு. பெட்டியின் குரல் குறிமுறை ஜீ.711 ஆக இருக்க வேண்டும். அது 64 கிலோபிட், சுருக்காதது. ஜீ.729 மாதிரிச் சுருக்கும் முறையில் மொடம் ஓடவே ஓடாது. மௌன நேரத்தில் பொதி அனுப்பாமல் விடும் வசதியை நிறுத்த வேண்டும். இவை சேவை வழங்குநர் பக்கம் இருப்பதால், "மொடம் வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் வேகத்தை 2400 வரை இறக்குங்கள். பெக்ஸ் என்றால் அதிவேக முறையை நிறுத்தி 9600-இல் வையுங்கள்.

எங்கள் தீர்ப்பு இது: பைபர் லைனில் 2400 வரை நம்பலாம், 9600 பெரும்பாலும் நிற்கும், அதற்கு மேல் போகும் கோலை நம்பி முக்கியமான வேலையை வைக்காதீர்கள். சீடீஎம்ஏ அல்லது எல்ரீஈ கம்பியில்லா மேசைப் போனின் பின்னால் மொடத்தைக் கொழுவி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அவற்றின் குறிமுறை பேச்சுக்கு மட்டும் செய்யப்பட்டது.

அலாரப் பெட்டிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் கோல் போகும். பைபர் பெட்டிக்கு வீட்டு மின்சாரம்தான். கரண்ட் போனால் அலாரம் ஊமை. 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டர்களுக்காகப் பலர் வாங்கிய 12 வோல்ற் சிறு யூபீஎஸ் இதற்கும் பொருந்தும். பெட்டியின் அடப்ரரில் எழுதியிருக்கும் வோல்ற்றும் அம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இணைந்த பிறகு அறுந்தால்

இணைந்து சில நிமிடத்தில் அறுவதற்குப் பெரும்பாலும் கோல் வெயிட்டிங்தான் காரணம். இரண்டாவது கோல் வரும்போது விழும் பீப் ஒலி மொடத்தின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் வெட்டிவிடும். மொடம் பாவிக்கும் லைனுக்கு அந்த வசதியே வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள். உடனே முடியாவிட்டால் "ஏரீ எஸ்10=50" உதவும்; சத்தம் 5 செக்கன் காணாமல் போனாலும் மொடம் பொறுத்திருக்கும். வழக்கமாக 1.4 செக்கன்தான். பக்க அறையில் யாராவது போனைத் தூக்கினாலும் இதே கதி. அதற்கு எஸ்10 போதாது, அந்தச் சமாந்தரப் போனை மொடத்தின் "போன்" துளைக்கு மாற்றுங்கள்.

691 வந்தால் லைனையும் மொடத்தையும் விட்டுவிடுங்கள், இணைப்பு முழுமையாகக் கிடைத்துவிட்டது, பயனர் பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு. எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பிடிபடாவிட்டால் மொடத்தின் இயல்புகளில் டயக்னொஸ்டிக்ஸ் பக்கத்தில் பதிவைத் திறந்து, கோலுக்குப் பிறகு அதைப் படியுங்கள். யூஎஸ் ரொபோட்டிக்ஸில் கோல் முடிந்ததும் "ஏரீ ஐ6" அடித்தால் இணைந்த வேகம், எத்தனை முறை மறுபடி ஒத்திசைந்தது, எதனால் அறுந்தது எல்லாம் வரும்.

லைன் பழுது என்று முறைப்பாடு செய்ய முன்

வீட்டின் எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, லைன் உள்ளே வரும் முதல் பெட்டியில் போனை மட்டும் கொழுவிக் கேளுங்கள். அங்கே இரைச்சல் இல்லை என்றால் பழுது உங்கள் உள் வயரிங்கில். அங்கேயும் இருந்தால் ஸ்ரீலங்கா ரெலிகொமின் 1212-க்கு எடுத்து, போனில் பேசும்போதே இரைச்சல் கேட்கிறது என்று சொல்லுங்கள். மொடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வருபவர் குரலை மட்டும் சோதித்துவிட்டுப் போய்விடக்கூடும். மழைக்குக் கூடுகிறதா, எந்த நேரத்தில் கூடுகிறது என்பதையும் எழுதி வைத்துக் கொடுங்கள்.

மொடம் உண்மையில் செத்துவிட்டதா?

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் நாள்களில் கொழும்பில் மொடங்கள் அதிகம் போகும். மின்னல் பெரும்பாலும் லைன் பக்கத்தை மட்டும் எரிக்கும், கணினிப் பக்கம் "ஓகே" சொல்லிக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, லைனைக் கொழுவி மல்டிமீற்றரை லைனில் வைத்து "ஏரீ எச்1" அடியுங்கள். லைனைத் தூக்கச் சொல்லும் கட்டளை இது. 48 வோல்ற் 10-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். ரிலே கிளிக் என்று கேட்டும் வோல்ற் அசையாவிட்டால் லைன் பக்கம் எரிந்துவிட்டது. "ஏரீ எச்0" அடித்தும் வோல்ற் திரும்ப ஏறாவிட்டால் லைனைப் பிடித்தபடி குறுக்காகிவிட்டது; அதை உடனே கழற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த லைனுக்குக் கோல் எதுவும் வராது.

புதியது வாங்கினால் வன்பொருளிலேயே முழு வேலையையும் செய்யும் யூஎஸ்பீ மொடத்தை வாங்குங்கள். யூஎஸ்ஆர்5637 அந்த வகை. விண்டோஸ் 10-இலும் லினக்ஸிலும் தொல்லை இல்லாமல் ஓடும். மடிக்கணினிகளில் இருந்து கழற்றி விற்கப்படும் மலிவான வின்மொடங்கள் பாதி வேலையைக் கணினியின் தலையில் போடுபவை, புதிய விண்டோஸுக்கு அவற்றின் டிரைவர் கிடைப்பது அரிது. வாங்கிய அன்றே "ஏரீ எச்1" சோதனையைச் செய்து வோல்ற்றை எழுதி மொடத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள், அடுத்த இடிக்குப் பிறகு ஒப்பிட உதவும்.